ஏட்டுச் சுரைக்காயும் இரசாயனக் கல்வியும்

எமது பள்ளியில் தமிழ் பயின்று வளர்ந்த பிள்ளைகள் சிலர் இன்று இந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல் கற்கின்றனர். மருத்துவமும் பொறியியலுமே கல்வியெனக் கருதிவந்த நம் சமூகத்தில் இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமாகும். ஆயினும், பிள்ளை விரும்பிய துறைக்கு இசைந்த பெற்றோர் அடுத்த படியிலே தயங்கி நிற்பதைக் காண்கின்றோம். "விடுமுறையிலும் ஆய்வுகூடத்திலே போய் நிற்பதால் என்ன பயன்? பாடத்தைப் படித்து நல்ல புள்ளி எடுத்தாற் போதாதா?" என எம்மிடம் வினவுகின்றனர். போதாது என்பதே எமது துணிபு.

முதலில் எமது குறையைக் கூறிவிடுகின்றோம். தாயகத்தில் நாம் இரசாயனவியல் ஆசிரியராகப் பணிபுரிந்த காலம் போர்க்காலம். அமிலமும் சோதனைக் குழாய்களும் கிடைத்தற்கரியனவாயிருந்தன. ஆதலால் பரிசோதனைகளைக் கரும்பலகையிலேயே நடத்தினோம். செப்பு அயன் கொண்ட கரைசலுக்கு அமோனியாவைச் சேர்த்தால் முதலில் வெளிர்நீல வீழ்படிவு தோன்றும். மேலும் சேர்த்தால் அது கரைந்து கடுநீலக் கரைசலாகும். மாணாக்கர் இதனை மனனஞ் செய்து பரீட்சையிற் பிழையின்றி எழுதினர். ஒருநாள் மாணவனொருவன் எழுந்து, "கடுநீலம் எண்டால் எப்பிடியான நீலம், சேர்?" என்று கேட்டான். "சோதினைக்கு இவ்வளவும் போதும், இரு" என்று கூறி அவனை அமர்த்தினோம். அவன் உயர்ந்த புள்ளி பெற்றான். அந்த நீலத்தை மட்டும் எம் வகுப்பில் அவன் காணவேயில்லை. காட்டுவதற்கு அன்று எம்மிடம் பொருள் இருக்கவில்லை என்பது உண்மை. ஆனால், "போதும்" என்று நாம் சொல்லியிருக்க வேண்டியதில்லை. வசதிகள் நிறைந்த இந்நாட்டிலே அதே சொல்லை நம் பெற்றோர் கூறக் கேட்கும்போது வாளாவிருக்க எம்மால் இயலவில்லை.

இலண்டனில் வாழும் நாம், நமக்கு அண்மையில் நிகழ்ந்த வரலாறொன்றை அறிந்திருத்தல் நன்று. வில்லியம் ஹென்றி பேர்க்கின் 1838 இல் கிழக்கு இலண்டனிற் பிறந்தவர். அவர் கற்ற பாடசாலையில் மதிய உணவு இடைவேளையிலேதான் இரசாயன விரிவுரைகள் நடைபெற்றன. தோமஸ் ஹோல் எனும் ஆசிரியர் நிகழ்த்திய அவ்விரிவுரைகளைக் கேட்பதற்காகப் பேர்க்கின் உணவையும் துறந்தார். கட்டடத் தொழில் செய்த தந்தையோ மகனைக் கட்டடக் கலைஞனாக்க விரும்பினார். ஆசிரியர் தந்தையைக் கண்டு பேசி இணங்கச் செய்தார். 1853 இல், 15 வயதில், பேர்க்கின் இரசாயனக் கல்லூரியிற் சேர்ந்தார்.

1856 ஆம் ஆண்டு ஈஸ்ரர் விடுமுறையில், தம் வீட்டிலே அமைத்திருந்த சிறு ஆய்வுகூடத்தில், மலேரியாவுக்கு மருந்தான குயினைனைச் செயற்கையாக ஆக்க அவர் முயன்றார். முயற்சி பலிக்கவில்லை. அனிலீனைக் கொண்டு மீண்டும் முயன்றபோது கறுத்த பொருளொன்றே எஞ்சியது. அதனை வீசிவிடாது மதுசாரத்தில் இட்டுப் பார்த்தார். அழகிய ஊதாநிறம் தோன்றியது. செயற்கைச் சாயத் தொழில் அந்நிறத்திலிருந்தே வளர்ந்தது. அப்போது அவருக்கு வயது 18. இத்துறையை விரும்பாதிருந்த தந்தையே பின்னர் தம் சேமிப்பை முதலிட, 1857 இல் கிறீன்போர்டிலே சாயத் தொழிற்சாலை எழுந்தது. நம் குடும்பங்கள் பல வாழும் ஹரோவும் வெம்பிளியும் அதற்கு அயலிலேயே உள்ளன.

ஆய்வுகூடத்திற்குச் செல்பவர் அனைவரும் பேர்க்கின் ஆகிவிடுவர் என நாம் கூறவில்லை. ஆனால், வகுப்புப் பரிசோதனையின் விடை ஆசிரியரின் குறிப்பேட்டில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். ஆய்விலோ விடை எவரிடமும் இல்லை. பிழைத்துப்போனதை வீசிவிடாது உற்று நோக்கும் பொறுமையை அங்கேதான் கற்கலாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்று நம் முன்னோர் சொன்னது இதற்கும் பொருந்தும்.

இதற்கு வழிகள் பலவுள. கோடை விடுமுறையிற் பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்குழுவிற் சில வாரங்கள் பணியாற்றலாம். இறுதியாண்டுக்கு முன் ஓராண்டு, தொழில் நிறுவனமொன்றில் ஊதியத்துடன் பயிற்சி பெறலாம். பல்கலைக்கழக இரசாயனச் சங்கத்தில் பொறுப்பேற்கலாம். 1841 இல் தோன்றிய சங்கத்தின் வழிவந்து 1980 இல் உருவான றோயல் சொசைற்றி ஒவ் கெமிஸ்றியில் மாணவராகவே இணையலாம். ஆனால், இவை வீடு தேடி வருவனவல்ல; கேட்டே பெறவேண்டும். பெரியோரிடம் கேள்வி கேளாதிருத்தலே பணிவு என வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகள் பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதவும் கூசுகின்றனர். அக்கூச்சத்தை அகற்றுவது நம் கடன்.

பணமே பெருந்தடை என்பதை நாம் அறியாதவரல்லோம். கடையிலும் பெற்றோல் நிலையத்திலும் பிள்ளை உழைக்கும் பணம் ஊரிலுள்ள பாட்டியின் மருந்துக்குச் செல்வதும் உண்டு. நாமும் அவ்வாறு அனுப்புபவரே. ஆதலால் எல்லா விடுமுறைகளையும் நாம் கேட்கவில்லை. ஒரு கோடையை மட்டும் விட்டுக்கொடுங்கள் என்கின்றோம். உதவித்தொகையுள்ள ஆய்வுப் பணிகளை முதலில் நாடுங்கள். பாடங்களையும் கைவிடாதீர்கள், நல்ல புள்ளியின்றி இவ்வாய்ப்புகள் எளிதிற் கிட்டா.

சென்ற தவணையில், எம் முன்னாள் மாணவி ஒருவர் தாம் கற்கும் இரசாயனவியலைச் சிறுவர்க்குக் காட்ட ஒரு சனிக்கிழமை வந்திருந்தார். மஞ்சள் தோய்த்த கடதாசியிற் சவர்க்கார நீரை விட்டார், அது சிவந்தது. தேசிக்காய்ப் புளியை விட்டார், மீண்டும் மஞ்சளாயிற்று. அமிலம், காரம் என்னும் சொற்களைச் சிறுவர் அன்றே கற்றுக்கொண்டனர். மணி அடித்த பின்னும் ஒரு சிறுமி போகாது நின்று, "இன்னொருக்காச் செய்யட்டா, ரீச்சர்?" என்று கேட்டாள்.

"செய்" என்றார் அவர். பெற்றோரிடமும் அவ்வொரு சொல்லையே நாம் வேண்டுகின்றோம்.