தவசிக்கீரையைச் சமையுங்கள், குடிக்காதீர்கள்



நேற்று நம் குடும்பக் குழுவில் ஒரு செய்தி. தவசிக்கீரையை, அதாவது நர்சரியில் மல்டிவைட்டமின் கீரை என்று விற்பதை, பச்சையாக அரைத்துத் தினமும் வெறும் வயிற்றில் குடித்தால் எடை குறையுமாம். நாலு பேர் கைகூப்பி வேறு போட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் உயிரியல் நடத்தியவன் வீட்டிலேயே இப்படி! வேண்டவே வேண்டாம்.

தைவானில் 1994, 1995-இல் இதே ஆசையில் இதே சாற்றை வாரக்கணக்கில் குடித்தவர்களில் 200 பேருக்கு மேல் மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நுரையீரலின் சிறு குழாய்கள் தழும்பேறிச் சுருங்கிவிட்டால் பழையபடி ஆகாது. சிலர் இறந்தார்கள். சிலருக்கு நுரையீரலையே மாற்ற வேண்டியிருந்தது.

கீரை மேல் எனக்குக் கோபமில்லை. மலேசியாவில் முட்டை போட்டு வதக்கிச் சாப்பிடுகிறார்கள். என் கொல்லையில் வேலியே அதுதான். முற்றிய குச்சியை ஒரு சாண் வெட்டி நட்டால் பிடித்துக்கொள்ளும்; நுனியை ஒடிக்க ஒடிக்கத் தளிர் வரும். எப்போதாவது ஒரு கைப்பிடி, பாசிப்பருப்போடு நன்றாக வேகவைத்துக் கூட்டு. டீச்சரம்மா கைப்பக்குவம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

குச்சி வேண்டுவோர் ஞாயிறு காலை பையோடு வாருங்கள். அந்தச் செய்தியை மேலும் யாருக்கும் அனுப்பியிருந்தால், இதையும் அவர்களுக்கு அனுப்புங்கள்.