துளசி கதிர்வீச்சைத் தடுக்குமா?

சென்னையின் மேற்குப் பகுதியிலுள்ள முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் பக்கம் சென்றால் மாடிகளில் துளசித் தொட்டிகளைக் காணலாம். அங்குள்ள சந்தான சீனிவாசப் பெருமாளை வணங்கி, துளசியை வாயிலிட்டு வருவோரும் பலர். "வீட்டில் துளசி இருந்தால் கதிர்வீச்சு அண்டாது" என்று பெரியவர்கள் சிலர் சொல்ல நீங்களும் கேட்டிருப்பீர்கள். இது உண்மைதானா?

முதலில், எந்தக் கதிர்வீச்சு என்று கேட்க வேண்டும். கைப்பேசிக் கோபுரம் அனுப்புவது வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்தது. அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிரித்தெடுக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. எக்ஸ் கதிர்களுக்கும் காமாக் கதிர்களுக்கும் அந்த ஆற்றல் உண்டு. அவை உடலிலுள்ள நீர் மூலக்கூறுகளைச் சிதைக்கின்றன. அப்போது தோன்றும் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்பு, கண்ணிமைக்கும் நேரத்திற்குள் உயிரணுவின் டி.என்.ஏ.வைத் தாக்கிவிடும்.

துளசியின் பங்கு இங்கேதான் வருகிறது. 1990களில் மணிப்பாலிலுள்ள கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியில் உமா தேவியும் அவருடைய குழுவினரும் துளசி இலைச் சாற்றைச் சுண்டெலிகளிடம் சோதித்தனர். சாற்றிலிருந்து ஓரியன்டின், வைசெனின் என்ற இரு ஃபிளேவனாய்டுகளைப் பிரித்தனர். ஒரு கிலோ உடல் எடைக்கு வெறும் 50 மைக்ரோகிராம் வீதம் முன்கூட்டியே ஊசி மூலம் செலுத்தியபோது, சாகடிக்கும் அளவு காமாக் கதிர் பட்ட எலிகளிலும் பல பிழைத்தன. இவை தனி உறுப்புகளைப் பிடித்து அடக்குவது இதற்கு ஒரு காரணம். நம் நாட்டு ஆய்வு என்று நாம் பெருமைப்படத் தக்க செய்தி இது.

ஆனால் சோதிக்கப்பட்டவை எலிகள். கொடுத்தது ஊசி வழியாக. அதுவும் கதிர் படுவதற்கு முன்பாக. இந்த மூன்றையும் மறந்துவிட்டு, தொட்டியிலுள்ள செடி நம்மைக் காக்கும் என்பது அறிவியல் ஆகாது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. புற்றுநோய்க்குக் கதிர் சிகிச்சை பெறும் ஒருவர் உங்கள் வீட்டிலோ, அடுத்த வீட்டிலோ இருக்கலாம். அன்பின் காரணமாக உறவினர்கள் கஷாயமோ சத்து மாத்திரையோ கொண்டு வருவார்கள். கனடாவின் கியூபெக்கில், தலை, கழுத்துப் புற்றுநோயாளிகள் 540 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2005இல் வெளியாயிற்று. கதிர் சிகிச்சையின்போது வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் மாத்திரைகளைப் பெற்றவர்களுக்குப் பக்கவிளைவுகள் குறைந்தன. ஆனால் நோய் அதே இடத்தில் திரும்புவது மிகுதியாகக் காணப்பட்டது. நல்ல உயிரணுவைக் காப்பாற்றும் பொருள், புற்றுநோய் உயிரணுவையும் சேர்த்துக் காப்பாற்றிவிடக் கூடுமன்றோ?

ஆகவே என் கருத்து இதுதான். துளசி ஆய்வு மனிதர்களிடமும் முறைப்படி நடந்து முடிவு காண வேண்டும். அதைப் பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்த முடிவு வரும்வரை, சிகிச்சையில் இருப்பவருக்கு மருத்துவரைக் கேட்காமல் எதையும் கொடுக்கலாகாது. வீட்டில் இதை எடுத்துச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டாம். "எந்தக் கதிர்? யாரிடம் சோதித்தார்கள்? எப்போது, எவ்வளவு கொடுத்தார்கள்?" என்று கேளுங்கள். துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்கலாம், தவறில்லை!