மருந்து தூரிகையோடு நிற்கட்டும்

சீமைக்கருவேலத்தை வெட்டிப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைத்தால் ஏமாந்துதான் போவோம். ஒரு மழை போதும். அடித்தூரிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்த்து, முன்னைவிட அடர்ந்த முட்புதராக நிற்கும். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி ஊர் ஊராக வெட்டினார்கள். ராமநாதபுரம் பக்கம் போனால் அது இன்னும் ஒழியவில்லை என்பது கண்ணுக்கே தெரியும். அதனால் களைக்கொல்லியே வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு புதர்மேல் விசிறியடிப்பதை ஒருநாளும் ஏற்க முடியாது. அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும் 2,4-டி புல்லை விட்டுவிடும், பருத்தியை விடாது. காற்றில் மிதந்து வரும் சாரலே போதும்: பருத்திக் கொழுந்து அகலம் குறுகி, நரம்பு புடைத்து, விரல் விரலாகப் பிளந்து வெண்டை இலைபோல் ஆகிவிடும். தெளித்தவர் ஒருவர், நஷ்டம் பக்கத்துக் காட்டுக்காரருக்கு. மரத்தைத் தரையோடு வெட்டி, வெட்டுவாய் காய்வதற்குள், பட்டையை ஒட்டிய ஈர வளையத்தில் மட்டும் தூரிகையால் தடவுங்கள். மருந்து அந்த வழியாகத்தான் வேருக்கு இறங்கும். நடுவைரத்தில் ஊற்றுவது வீண். கண்மாய்க்குள் அதுவும் கூடாது, பொக்லைன் வைத்துத் தூரோடு பிடுங்குவதே சரி. விதை மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே ஒவ்வொரு மழைக்குப் பிறகும் இளங்கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.