படம் எடுத்தீர்கள், பிளேன்டீ குடித்தீர்களா?

பேராதனையில் என்னோடு கலைப்பீடத்தில் படித்த நண்பர் ஒருவர் இலண்டனில் வாழ்கின்றார். 2024 டிசெம்பரில் குடும்பத்தோடு இலங்கை வந்தவர், மலையகத்தில் மூன்று நாட்கள் தங்கிவிட்டுக் கொழும்பில் என்னைச் சந்தித்தார். கைத்தொலைபேசியில் இருந்த படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். றம்பொடை நீர்வீழ்ச்சி, சீத்தா எலிய கோயில், கிரகரி வாவி, கூடையும் புன்னகையுமாகக் கொழுந்து பறிக்கும் பெண்கள். காட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் இருந்தது மச்சான். ஆனா உங்கட ஆக்களோட ஒரு வார்த்தை கதைக்கக் கிடைக்கேல்லை."

எங்கே சாப்பிட்டாய் என்று கேட்டேன். வான் சாரதி நிறுத்திய இடத்தில். எங்கே தங்கினாய்? நட்சத்திர ஹோட்டலில். தேயிலை எங்கே வாங்கினாய்? தொழிற்சாலையொன்றின் விற்பனைக் கூடத்தில். நால்வரின் மாலைத் தேநீருக்கு ஹோட்டலில் அவர் கொடுத்த தொகை, அந்த ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளக் கணக்கில், படத்தில் சிரித்த பெண்ணின் பத்து நாள் உழைப்புக்கும் மேல். மூன்று நாட்களில் அவர் செலவழித்த பணத்தில் மலையகத் தமிழன் கல்லாவுக்கு நேரடியாகப் போனது எவ்வளவு என்று இருவரும் கூட்டிப் பார்த்தோம். கோயில் வாசலில் வாங்கிய அர்ச்சனைத் தட்டு மட்டுமே தேறியது.

அவரை நோகடிக்க இதை எழுதவில்லை. அவர் நல்லவர். வீட்டுக்கு எதிரே சுப்பர் மார்க்கெட் இருக்க, சனிக்கிழமைகளில் டூட்டிங் வரை கார் ஓட்டிப் போய்த் தமிழ்க் கடையில் வெண்டிக்காயும் முருங்கைக்காயும் வாங்குபவர். பாரிஸ் லா சப்பலிலும் ரொறன்ரோவின் ஸ்காபரோவிலும் இருக்கும் நம்மவர்களும் அப்படித்தான். அந்நிய நகரில் நம் கடையை நாம் தாங்காவிட்டால் வேறு யார் தாங்குவார் என்ற நியாயம் அவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே தெரியும். அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் தெரிந்திருந்தது. நியூயோர்க் ஹார்லெமைச் சேர்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936இல் ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். நிறவெறி நாட்டில் பயணம் செய்யும் கறுப்பினத்தவர் அவமானப்படாமல் எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்று சொன்ன அந்தக் கையேடு, அவர்களுடைய விடுதிகளுக்கும் உணவகங்களுக்கும் வாடிக்கையாளரையும் தேடிக்கொடுத்தது.

அந்த நியாயம் கட்டுநாயக்காவில் விமானம் இறங்கியதும் எங்கே போய்விடுகின்றது? டூட்டிங்கில் விலாசம் கேட்டுத் தேடிப் போகும் மனிதர், அட்டனிலும் கொட்டகலையிலும் தலவாக்கலையிலும் வானின் கண்ணாடியைக்கூட இறக்காமல் கடந்து போவது ஏன்?

ஏனென்றால், அங்கே நாம் கடைக்காரர்களாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே பலருக்கு இல்லை. மலையகத் தமிழன் என்றால் கூடை, மலையகம் என்றால் லயம். இரக்கப்படலாம், படம் எடுக்கலாம், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கலாம். வியாபாரம் செய்யலாம் என்று மட்டும் தோன்றுவதில்லை.

நுவரெலியா நகரில் என் பெரியப்பாவுக்கு ஒரு சில்லறைக் கடை இருந்தது. 1983 ஜூலையில் அந்நகரின் தமிழ்க் கடைகள் எரிக்கப்பட்டபோது அதுவும் எரிந்தது. சில மாதங்களில் அவர் தலைமன்னாரில் கப்பலேறிவிட்டார். கடை முதலாளியாக இருந்தவர் நீலகிரியின் கூடலூரில் கூலியாக மீண்டும் வாழ்க்கையைத் தொடங்கினார். இப்படி எத்தனை பெரியப்பாக்கள்!

எரிந்த கடையை மீண்டும் கட்டப் பணம் வேண்டும். வங்கி கடன் கொடுக்கக் காணி உறுதி கேட்கும். லயக் காம்பராவுக்கு ஏது உறுதி? 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டையும், அடுத்த ஆண்டு வந்த சட்டம் வாக்கையும் பறித்தன. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்தது 2003இல்தான். அரை நூற்றாண்டுக்கு மேல் சட்டத்துக்கு வெளியே நின்ற சமூகத்தில், தோட்டத்து மக்களில் பெரும்பாலானோரின் குடியிருப்பு நிலம் இன்றும் அவர்கள் பெயரில் இல்லை. அதனால்தான் நம் இளைஞர்கள் கொழும்பிலே பிறருடைய சாப்பாட்டுக் கடைகளில் மாவு பிசைந்து ரொட்டி தட்டுகின்றார்கள். தொழில் கையில் இருக்கின்றது. முதல்தான் இல்லை.

"இது இனவாதம் இல்லையா?" என்று ஒரு சாரார் கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்குமாறு இந்த நாட்டில் பிரசாரம் நடந்தது. அது இனவாதம். இன்னாரிடம் வாங்காதே என்று நான் சொல்லவில்லை. பக்கத்துச் சிங்களத் தாயின் அப்பக் கடையிலும் முஸ்லிம் அன்பரின் துணிக்கடையிலும் தாராளமாக வாங்குங்கள். அவர்களும் சிறு வியாபாரிகளே. பணம் முழுவதும் பெரிய ஹோட்டல்களோடும், சாரதிக்குத் தரகு கொடுக்கும் கடைகளோடும் நின்றுவிடுகின்றதே, அதை உடையுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

"அந்தக் கடைகள் சுத்தமாக இல்லையே" என்பது இன்னொரு முறைப்பாடு. சிலவற்றில் உண்மை. நம் கடைக்காரர்கள் இதைப் படித்தால் கோபிக்காமல் கேட்க வேண்டும். கழிப்பறையைக் கழுவி வையுங்கள், விலைப்பட்டியலைத் தொங்கவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்பதற்காக ஒரு விலை, உள்ளூராருக்கு ஒரு விலை என்று வைக்காதீர்கள். ஆனால் வாடிக்கையாளர் வந்தால்தான் கடை திருந்தும். திருந்திய பிறகு வருகின்றேன் என்பவர் ஒருநாளும் வரப்போவதில்லை.

நானும் யோக்கியனல்ல. முப்பது வருடங்களாகச் சம்பளப் போராட்டங்களையும் தேர்தல்களையும் எழுத மலையகம் போயிருக்கின்றேன். டிக்கோயாவில் பிறந்தவன் நான். இருந்தும் பத்திரிகை நிறுவனம் பணம் கொடுக்கின்றது என்பதற்காகப் பெரிய ஹோட்டல் அறையில் இருந்துகொண்டு லயத்தின் வறுமையை எழுதிய இரவுகள் எனக்கும் உண்டு. நண்பரிடம் கேட்ட கேள்வியை முதலில் என்னிடமே கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே அடுத்த முறை வரும்போது, எங்கே நிறுத்துவது என்பதைச் சாரதியிடம் விடாதீர்கள். ஒரு நேரச் சாப்பாட்டையாவது அட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையில் உண்ணுங்கள். தோட்டத்து இளைஞனின் முச்சக்கரவண்டியைப் பேசிப் பிடியுங்கள். வழிகாட்டியாகவும் அவனையே வைத்துக்கொள்ளுங்கள். வீதியோரத்தில் கரட்டும் லீக்ஸும் விற்பவரிடம் வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். பெண்களைப் படம் எடுக்குமுன் பெயரைக் கேளுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் மலைநாட்டைச் சிதைத்தபோது உலகெங்குமிருந்து நிவாரணம் அனுப்பினீர்கள். நன்றி. நிவாரணம் ஒரு தடவை வரும். வாடிக்கையாளர் மறுபடியும் வருவார்.

நண்பர் மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கின்றார். இம்முறை நானும் கூடப் போகின்றேன். முதல் நிறுத்தம் அட்டனில், தேங்காய் ரொட்டி, கட்டைச் சம்பல், சூடான பிளேன்டீ. காசு அவர்தான் கொடுக்க வேண்டும்.