மொன்னைக் கத்தி பாதுகாப்பானது இல்லை

"புதுசா சவரக்கத்தி பிடிக்கிறவங்க, கொஞ்சம் மொன்னையான கத்தியில பழகுறதுதான் சேஃப்." இந்த அறிவுரையை இந்த மாசம் மட்டும் நாலு வீடியோவில கேட்டுட்டேன். சொல்றவங்க யாரும் மூணாம் நாள் அந்தக் கன்னத்தைப் பார்க்கிறதில்லை. ஓ.பி.யில உட்கார்ந்து நாங்கதான் பார்க்கிறோம். இழை கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எந்தக் கத்தின்னு முதல்ல தெளிவா சொல்லிடறேன். சலூன்ல பாதி பிளேடை உடைச்சுச் சொருகுவாங்களே, அது இல்ல. பிளேடு மாத்தவே முடியாத, முழு எஃகுல செஞ்ச மடக்குச் சவரக்கத்தி. ஜெர்மனியின் ஸோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டுன்னு முத்திரையோட தாத்தா பெட்டியில கிடக்குமே, அது. இப்போ தம்பிங்க மத்தியில மறுபடி ஃபேஷன். பிளாஸ்டிக் குப்பை இல்ல, ஒழுங்கா வெச்சுக்கிட்டா ஒரு கத்தி ஆயுசுக்கும் உழைக்கும். கத்தி மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல.

கோபமெல்லாம் அந்த அறிவுரை மேலதான்.

கூர்மையான விளிம்பு முடியை வெட்டும். மொன்னை விளிம்பு முடியைப் பிடிச்சு இழுக்கும். வெட்டலையேன்னு நீங்க அழுத்துவீங்க, அதே இடத்துல நாலு தடவை ஓட்டுவீங்க. முடியோட சேர்ந்து தோலின் மேல்படலமும் சீவிக்கிட்டு வரும். கண்ணுக்கே தெரியாத கீறல்கள். நம்ம தோல்லயும் மூக்குலயும் குடியிருக்கிற ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமிக்கு அது போதும். ரெண்டு மூணு நாள்ல மயிர்க்கால் ஒவ்வொண்ணுலயும் சின்னச் சின்ன சீழ்க்கொப்புளம். சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கு அது பெரிய கட்டியாகவும் மாறும். இன்னொண்ணு, இழுபட்டு வெட்டுப்பட்ட முடி தோலுக்குக் கீழ பின்வாங்கி, உள்ளுக்குள்ளேயே வளரும். சுருட்டை முடிக்காரங்களுக்கு இந்தத் தொல்லை ரொம்ப அதிகம்.

"கூர்மையான கத்தி வெட்டிடாதா டாக்டர்?" வெட்டும். ஆனா அது லேசா ஓட்டினாலே வேலை செய்யுற கத்தி. கையில அழுத்தமே இல்லாதப்போ வர்ற வெட்டு மேலோட்டமா, நேர்க்கோடா இருக்கும், சீக்கிரம் ஆறும். மொன்னைக் கத்தி முடியில சிக்கி, சட்டுனு விடுபட்டு வழுக்கும்போது உங்க கை முழுசா அழுத்திக்கிட்டு இருக்கும். எது ஆழமா இறங்கும்னு நீங்களே சொல்லுங்க.

கீறலை நாங்க எவ்வளவு சீரியஸா எடுத்துக்கிறோம் தெரியுமா? ஆபரேஷனுக்கு முந்தின நாள் ரேசரால மழிச்சு விடுறது ஒரு காலத்துல எல்லா ஆஸ்பத்திரியிலயும் வழக்கம். அந்தக் கீறல் வழியா தொற்று கூடுதுன்னு தெரிஞ்ச பிறகு, உலக சுகாதார நிறுவனம் 2016 வழிகாட்டுதல்ல திட்டவட்டமாச் சொல்லிடுச்சு: முடியை எடுக்காம விடுங்க, எடுத்தே ஆகணும்னா கிளிப்பர் மட்டும். உங்க கன்னத்துல யாரும் ஆபரேஷன் பண்ணப் போறதில்லை, அதனால ரேசரே தொடாதீங்கன்னு நான் சொல்லல. கீறல் எண்ணிக்கையைக் குறைங்கன்னு சொல்றேன். அதுக்கு வழி கூர்மை.

சரி, எஃகு எப்படி மழுங்குது? முடி எஃகைவிட சுமார் 50 மடங்கு மென்மை. ஆனாலும் முடிதான் கத்தியைக் கெடுக்குது. 2020-ல எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் (குரோம்பேட்டை இல்ல, அமெரிக்காவுல இருக்கிறது) எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள்ளேயே முடியை வெட்டிப் பார்த்தாங்க. முடி வளைஞ்சு சாய்வா மோதும்போது, விளிம்புல எஃகின் அமைப்பு சீரா இல்லாத இடத்துல நுணுக்கமா சில்லு பேர்ந்து போகுது. சயன்ஸ் இதழ்ல வந்த ஆய்வு. அதனால சவரத்துக்கு முன்னாடி ரெண்டு மூணு நிமிஷம் வெந்நீர்ல தாடியை ஊற வைங்க. ஊறின முடியை வெட்ட குறைஞ்ச விசை போதும். தோலுக்கும் நல்லது, கத்திக்கும் நல்லது.

இப்போ தீட்டுற விஷயம். வீடியோக்காரங்க என்ன சொல்றாங்க? ஆயிரம் கிரிட் கல்லு, நாலாயிரம், எட்டாயிரம், பன்னிரண்டாயிரம், எல்லாம் வாங்கு, லிங்க் கீழ இருக்கு. புதுசா ஆரம்பிக்கிற தம்பி கத்திக்குக் கொடுத்த காசைவிட கல்லுக்கு அதிகமா கொடுத்துட்டு, முதல் நாளே ஆயிரம் கிரிட்ல தேய்ச்சு விளிம்பையே காலி பண்ணிடறார். அப்புறம் "பழகும்போது கொஞ்சம் மொன்னையா இருந்தா சேஃப்தான்"னு ஆறுதல் வேற. அந்த அறிவுரை எங்கிருந்து பிறக்குதுன்னு இப்போ புரியுதா?

முதல் ஆறு மாசம் கல்லைத் தொடாதீங்க. தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட ஒரு தடவை முறையா தீட்டி வாங்குங்க. கடையில புதுசா வாங்கினது எல்லாம் சவரத்துக்குத் தயாரா வரும்னு நம்பாதீங்க, கேட்டு வாங்குங்க. அதுக்கப்புறம் உங்க வேலை தோல்வார் மட்டும்தான்.

தோல்வாரை ஒரு கொக்கியில மாட்டி, தொய்வில்லாம இழுத்துப் பிடிங்க. கத்தியைப் படுக்க வைங்க. முதுகும் விளிம்பும் ஒண்ணா தோலைத் தொடணும். முதுகு முன்னாடி போகணும், விளிம்பு பின்னாடி வரணும். மாத்திப் போட்டா தோலை அறுத்துடுவீங்க. கடைசிக்கு வந்ததும் முதுகு தோல்லயே இருக்க, அதன் மேலயே உருட்டித் திருப்புங்க. அழுத்தம் வேண்டாம், கத்தியோட எடையே போதும். துணிவார் இருந்தா அதுல முதல்ல ஒரு இருபது, பிறகு தோல்ல ஒரு ஐம்பது தடவை, ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னாடி. வேகமா பட் பட்டுனு அடிக்கிறது சினிமாவுக்கு. மெதுவா செய்யுங்க, வேகம் தானா வரும். வார் தொய்ஞ்சாலோ முதுகைத் தூக்கினாலோ விளிம்பு உருண்டு போயிடும். ஆரம்பத்துல கத்தி மழுங்குறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான், கல்லு இல்லாதது இல்ல.

சில மாசம் கழிச்சு, ஒழுங்கா தோல்ல தீட்டியும் முடி இழுபட ஆரம்பிச்சா, அப்போ கல்லு. அதுவும் நைசான கல்லு மட்டும், எட்டாயிரத்துக்கு மேல. கல்லுல விளிம்பு முன்னாடி போகும், தோலுக்கு நேர்மாறு. கோணத்தை நீங்க கணக்குப் போட வேண்டாம். முதுகும் விளிம்பும் கல்லுல படிஞ்சா, அந்த முதுகோட தடிமனே கோணத்தைக் கொடுத்துடும். கத்தியைச் செஞ்சவன் உங்களுக்காக அதை யோசிச்சு வெச்சிருக்கான். ஆயிரம் கிரிட் எல்லாம் சில்லு போன கத்திக்கு.

தெருவுல சைக்கிள்ல வர்ற சாணைக்காரர்கிட்ட கொடுக்கலாமான்னு கேட்டாங்க. அரிவாள்மனை கொடுங்க, கத்தரிக்கோல் கொடுங்க. சவரக்கத்தி வேண்டாம். சுத்துற சாணைச் சக்கரம் அதுக்கு ரொம்பக் கரடு, சூட்டுல மெல்லிய விளிம்பின் பதமும் போயிடும். அவர் தொழில் மேல குறை இல்ல, அந்தச் சக்கரம் இதுக்கானது இல்ல.

கட்டைவிரலை விளிம்பு நெடுக ஓட்டி கூர்மை பார்க்காதீங்க. தையல் போட ஆள் இருக்குன்னு தைரியமா?

முடிச்சதும் அலசி, நல்லாத் துடைச்சு, ஈரமில்லாத இடத்துல வைங்க. கார்பன் எஃகு நம்ம ஊர் பாத்ரூம்ல ஒரே வாரத்துல துரு பிடிக்கும். துரு விளிம்பைத் தின்னும். துருவால டெட்டனஸ் வராது, அது மண்ணுல இருக்கிற கிருமியோட வேலை. ஆனாலும் ஊசி போட்டு பத்து வருஷம் ஆகியிருந்தா போட்டுக்கோங்க.

இப்போ எனக்கு உண்மையிலேயே பயம் தர்ற விஷயம். "விண்டேஜ் ராயல் ஷேவ்"னு சில ஏ.சி. கடைகள்ல இதே நிஜக் கத்தியை எல்லாருக்கும் போடறாங்க. நடுவுல டெட்டால் தண்ணியில ஒரு முக்கு, தோல்வார்ல ரெண்டு இழுப்பு, அடுத்த ஆள். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளிய, காய்ஞ்ச ரத்தத்துலகூட குறைஞ்சது ஏழு நாள் உயிரோட இருக்கும். டெட்டால் முக்கு அதுக்குப் பதில் இல்ல. ஆட்டோகிளேவ்ல 121 டிகிரி நீராவியில வெச்சா கிருமி சாகும், கத்தி துருப்பிடிக்கும், மரக் கைப்பிடி பாழாகும். அதையும் தாங்கினார்னே வைங்க, அடுத்து எதுல தீட்டுவார்? நேத்து பத்துப் பேர் கத்தி பட்ட அதே தோல்வார்ல. தோலை எப்படிக் கிருமி நீக்குவீங்க? முடியாது. எல்லார் கன்னத்துலயும் தேய்க்கிற அந்தப் படிகாரக் கல்லுக்கும் இதே கேள்விதான்.

உங்க தெருமுனை சலூன் அண்ணன் உங்க கண்ணு முன்னாடி புது பிளேடு உறையைப் பிரிச்சு, பாதியா உடைச்சுச் சொருகுறாரே, அவர்கிட்ட போங்க. அந்த ஏ.சி. கடையைவிட அவர் சுத்தம். நம்ம ஊர்ல சவரத் தொழில் செஞ்ச சமூகத்துக்கு மருத்துவர்னே பேர். கட்டி அறுத்தது, பிரசவம் பார்த்தது எல்லாம் அவங்க. லண்டன்லயும் 1540-லேர்ந்து 1745 வரைக்கும் சவரக்காரரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கம். அதனால அண்ணனை நான் மட்டம் தட்டறேன்னு யாரும் சண்டைக்கு வராதீங்க.

வீட்டுலயும் இதே சட்டம்தான். ஒரு கத்தி, ஒரு தோல்வார், ஒரு ஆள். அப்பாவும் மகனும் பகிர்ந்துக்கிறது பாசம் இல்ல. தாத்தா கத்தியை எடுத்துப் பயன்படுத்தலாம், தாராளமா. முறையா சுத்தம் பண்ணி, தீட்டி, புது தோல்வார் வாங்கிக்கோங்க. பழைய வாரை ஞாபகத்துக்குச் சுவத்துல மாட்டுங்க.

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இந்தியா முழுக்கக் குழந்தைகளுக்கு வந்ததே 2011 வாக்குலதான். இதைப் படிக்கிற பெரியவங்க நிறைய பேர் போட்டிருக்க மாட்டீங்க. 0, 1, 6 மாசம், மூணு ஊசி. கல்லு செட் வாங்க வெச்சிருந்த காசுல முதல்ல அதைப் போடுங்க.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபாரின் மாதிரி மாத்திரை எடுக்கிறவங்க, கை நடுக்கம் உள்ளவங்க, முகத்துல ஏற்கனவே பரு, சீழ் இருக்கிறவங்க இந்தக் கத்திப் பக்கம் வராதீங்க. எலக்ட்ரிக் டிரிம்மர் இருக்கு.

சந்தேகம் இருந்தா கீழ கேளுங்க. கத்தியை போட்டோ எடுத்து "இது கூர்மையா இருக்கா டாக்டர்"னு மட்டும் அனுப்பாதீங்க. போட்டோவுல தெரியாது.