மேன்முறையீடும் ஒரு வழு அறிக்கைதான்

அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் முதற்கட்டப் பெயர்ப்பட்டியல் 2023 இல் வெளியானதும் 9 இலட்சத்துக்கும் அதிகமான மேன்முறையீடுகள் குவிந்தன. திட்டத்தின் இலக்கோ 20 இலட்சம் குடும்பங்கள். இலக்கில் பாதியை நெருங்கும் அளவுக்கு முறைப்பாடு வந்தபின், மக்கள் படிவத்தைப் பிழையாக நிரப்பினார்கள் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு ஆகியவற்றில் 22 குறிகாட்டிகளுக்குப் புள்ளியிட்டு, மாதம் 15,000 ரூபாவா, 2,500 ரூபாவா, ஒன்றுமே இல்லையா என்று வகுத்தது அந்த முறைமை. ஒரு மென்பொருள் பரிசோதகர் முதலில் கேட்கும் கேள்வியைத்தான் இங்கும் கேட்க வேண்டும்: எந்தக் குடும்பங்களின் தரவை இட்டு இதைச் சோதித்தீர்கள்?

நல்ல பரிசோதகர் சராசரிக் குடும்பத்தோடு நின்றுவிடமாட்டார். விதி தடுமாறக்கூடிய விளிம்புகளைத் தேடிப் போவார். துணுக்காய்ப் பிரதேசத்து மல்லாவியில் அந்த விளிம்புகள்தான் அன்றாட வாழ்க்கை. யுத்தத்துக்குப் பின் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சீமெந்துச் சுவர் வீட்டில் நிலையான வருமானம் இல்லாத குடும்பம் இருக்கிறது. மழை பொய்த்தால் எதுவும் விளையாத காணியும் படிவத்தில் காணிதான். கணவன் காணாமல் ஆக்கப்பட்டு, மரணச் சான்றிதழை ஏற்க மறுக்கும் பெண் எந்தக் கட்டத்தில் அடையாளமிடுவாள்? இத்தகைய இடங்களில் நிரல் நின்றுபோகாது, எச்சரிக்கையும் காட்டாது. புள்ளிகளைச் சரியாகக் கூட்டிவிட்டே பிழையான முடிவைத் தரும். வழுக்களில் மிகவும் ஆபத்தானது இதுதான்.

இது கொள்கையின் குறை, நிரலின் குறையல்ல என்பார்கள். தாளில் இருக்கும் விதியை வீட்டுக்கு வரும் அலுவலர் கண்ணால் கண்டு கேள்வி கேட்கலாம். நிரலுக்குள் போன விதிக்கு அந்தக் கண் இல்லை. ஆகவே விதியையும் நிரலையும் சேர்த்தே சோதிக்க வேண்டும். மேன்முறையீட்டு வழி இருக்கிறதே என்பது இன்னும் வலுவான வாதம். அந்த வழி தேவை, ஆனால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் திருத்திக் கொடுப்பது வழுநீக்கம் ஆகாது. ஒரே காரணத்தால் விடுபட்டவர்களை ஒன்றாகப் பார்த்து, காரணமான விதியைக் கண்டு மாற்றி, பழைய சோதனைகளை மறுபடி ஓட்டினால்தான், முறையிடத் தெரியாத அயல்வீட்டுக் கிழவிக்கும் நியாயம் கிடைக்கும்.

முறைப்பாடுகளைச் சேர்த்துப் பார்க்காததன் விலையைப் பிரித்தானியா அறியும். 1999 முதல் அங்கு தபால் நிலையங்களில் புகுத்தப்பட்ட ஹொரைசன் கணக்கு மென்பொருள் இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை என்று உபதபாலதிபர்கள் பலரிடம் சொல்லப்பட்டது. 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். மென்பொருளில் வழுக்கள் இருந்ததை நீதிமன்றம் ஏற்க 2019 வரை சென்றது.

சோதனைக்குக் காலமும் பணமும் தேவை என்பது உண்மை. ஆனால் 9 இலட்சம் முறையீடுகளை விசாரிக்கவும் அவை தேவைப்பட்டன. அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒரு நாட்கூலியை இழந்து பிரதேச செயலகத்துக்குப் பஸ் ஏறியவர்கள் சுமந்தார்கள். அடுத்த தெரிவுக்கு முன் நலன்புரி நன்மைகள் சபை, பெயர் நீக்கிய மாதிரிக் குடும்பங்களை வன்னி, மலையகம், கரையோரம் எங்கும் எடுத்து நிரலில் ஓட்டி, விடை பொருந்தாத இடங்களைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட வேண்டும்.