கண்ணகிக்கு ஆண்டுதோறும் கலியாணம்

பெப்ரவரி 14 நெருங்கினால் போதும், காதலுக்கென்று தனியாக ஒரு நாள் தேவையா என்ற பட்டிமன்றம் தொடங்கிவிடும். வெள்ளைக்காரன் பழக்கம் என்று முகம் சுளிப்போர் ஒரு பக்கம். ரோசாப்பூவுக்கு விலை பேசுவோர் மறுபக்கம். வலன்டைன் நாளில் பறவைகள் துணை தேடுவதாக 14ஆம் நூற்றாண்டில் சோசர் என்ற ஆங்கிலக் கவிஞர் பாடினார். அந்த நாள் காதலரிடம் வந்து சேர்ந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

மட்டக்களப்பை அடுத்த ஆரையம்பதிக்காரருக்கு இந்த வாதம் வேடிக்கையாக இருக்கலாம். ஒரு தம்பதியின் கதையையே ஆண்டுதோறும் சடங்காக நடத்தும் ஊர் அது.

மட்டக்களப்புப் பகுதியின் கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் ஆண்டுக்கொரு முறை, வைகாசியில்தான் கதவு திறப்பார்கள். இரவிரவாகக் கண்ணகி வழக்குரை காதை படிக்கப்படும். ஒரு நாள் கல்யாணக்கால் நடுவார்கள்: கோவலனுக்கும் கண்ணகிக்கும் அன்று திருமணம். மரக்கொம்பை வெட்டி மேளதாளத்தோடு கொண்டுவந்து, பட்டுச் சுற்றி அலங்கரித்து நடுவது வழக்கம். பெண்கள் நெல்லுக் குற்றுவார்கள், பொங்கல் பொங்கும். கடைசி நாள் குளிர்த்தி. மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் சினம் ஆறப் பூசகரான கட்டாடியார் பாடிக் குளிர்விப்பார்.

பெப்ரவரி நாளுக்கு இந்தப் பின்பாதி தெரியாது. அது பூங்கொத்தோடு நின்றுவிடுகிறது. கலியாணம், துரோகம், இழப்பு, ஆத்திரம், ஆறுதல் எல்லாவற்றையும் ஒரே வாரத்துக்குள் வைத்திருப்பது வைகாசிச் சடங்கு. காதலுக்கு விழா வேண்டுமென்றால் இப்படித்தான் வேண்டும். கோபித்துக்கொண்டவளுக்கும் அதில் ஒரு நாள் இருக்க வேண்டும்.

விழா நடந்தால் மட்டும் காதல் நிலைத்துவிடாது என்பதும் இதே கதையில் உண்டு. புகாரில் இந்திரவிழா 28 நாள். அது முடிந்து கடலாடப் போன இடத்தில்தான், காதலி மாதவி யாழோடு பாடிய பாட்டில் ஐயம் கொண்டு கோவலன் அவளை விட்டுப் போனான்.

கோவலன், கண்ணகி குடும்ப வழக்கை மட்டக்களப்பார் விளையாட்டாகவும் ஆடினார்கள். கொம்புமுறியில் ஊரே இரண்டு சேரியாகும். வடசேரி கோவலன் கட்சி, தென்சேரி கண்ணகி கட்சி. வளைந்த இரண்டு கொம்புகளைக் கொளுவிக் கயிறு கட்டி இழுப்பார்கள். சிங்களவர் பத்தினித் தெய்வத்துக்கு ஆடும் 'அங்கெலிய'வும் இதே வகைதான். மழை பொய்த்தாலும் கொள்ளைநோய் வந்தாலும் அம்மன் மனம் குளிரவென்று ஆடியது கொம்புமுறி. ஆனாலும் கொம்பு முறிந்து தோற்ற சேரியை வென்றவர்கள் சும்மா விடுவதில்லை. வசைப்பாட்டு வீட்டு வாசல்வரை வரும்.